அக்காவின் காய்ச்சல் நாட்காட்டி

அக்கா காலமாகிவிட்டார் என்ற வாக்கியத்தை முப்பது நாளாக எழுதிப் பார்க்கிறேன். வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பல வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் அதற்கு முழுப் புள்ளி போடலாம். நம்பத்தான் முடியவில்லை. காலையில் தொலைபேசி அடித்தால் இன்னும் பழக்கத்தில் எடுத்து, "டாக்டரம்மா வீடு, சொல்லுங்க" என்கிறேன். மறுமுனையில் இருப்பவர் அழத் தொடங்கிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிகிறது.

இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் எதிர்பார்க்கும் பிறப்பு, படிப்பு, பண்பு எல்லாம் வரும். ஆனால் அதற்காக மட்டும் நான் உட்காரவில்லை. செத்த வீட்டிலிருந்தே நம் குடும்பத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தோட்டத்து ஆட்கள் காப்பு என்று சொல்லி அக்காவைக் கட்டிவைத்துக் கொன்றுவிட்டார்கள் என்பது அந்தப் பேச்சு. நடந்தது அதுவல்ல. நடந்ததை முழுக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதில் என் பங்கும் உண்டு. எழுதாமல் விட்டால் எனக்கு மிகவும் வசதி. அந்த வசதிக்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பெரகலச் சந்திக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், மூத்த பிள்ளையாக. அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிப்பு. ஆறு வருடம் கழித்து நான் பிறந்தேன். குடும்பத்தின் முன்னேற்றம் அந்த இடத்தில் சற்றுத் தடைப்பட்டது. அக்கா படித்த வகுப்புகளில் நானும் படித்தேன். ஆசிரியர்கள் என்னைப் பார்த்து, "நீ அவளோட தம்பியா?" என்று கேட்ட குரலில் எப்போதும் ஓர் அனுதாபம் இருந்தது.

தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லாததால் சித்தப்பா அக்காவைப் பதுளைக்கு அழைத்துப் போனார். டவுனில் அவருடைய பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அக்கா படித்தார். தான் செய்த முதல் விஞ்ஞான ஆராய்ச்சி, ஒரு மனிதன் எத்தனை தும்மலுக்குப் பிறகு மிளகாய்க்குப் பழகுகிறான் என்பதுதான் என்று சொல்வார். மருத்துவக் கல்லூரிக்கு எடுபட்ட கடிதம் வந்த அன்று சித்தப்பா கடையை அரை நாள் மூடினார். அதற்குப் பிறகு அவர் கடையை மூடி நான் பார்த்தது அக்காவின் இறுதி ஊர்வலத்தன்றுதான். பின்னால் சித்தப்பாவைப் பற்றிச் சங்கடமான ஒரு விஷயம் வருகிறது. அதைப் படிக்கும்போது இந்தக் கடை மூடலையும் சேர்த்துப் படிக்கவும்.

படித்து முடித்து, நாலைந்து ஊர்களின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து, கடைசியில் அக்கா பதுளைக்கே வந்து சேர்ந்தார். திருமணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு, "நேரம் கெடைக்கல" என்பார், ஏதோ பல் கட்ட நேரம் கிடைக்காதவர் போல. ஐம்பது வயதில் அரசாங்க வேலையை விட்டார். இனிமேல் வீட்டில் இருந்து ஓய்வெடுப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த வாரமே பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, அவசரம் என்று கூப்பிடுகிற வீடுகளுக்கு நேரில் போய் மருந்து கொடுக்க ஆரம்பித்தார். ரோடு முடியும் இடம்வரை கார். அதற்குப் பிறகு கால்.

ஏன் இந்தத் தொல்லை என்று நான் கேட்டபோது, "ஆஸ்பத்திரிக்கு நோயாளி மட்டுந்தான் வர்றாரு தம்பி. அவரோட வீடு வர்றதில்ல. பாதி வருத்தம் வீட்டுலதான் இருக்கு" என்றார்.

நான் முதுகு வலி என்று சொல்லி முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அந்த முதுகைச் சோதித்துப் பார்த்த அக்கா, அதில் முதுகைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று அறிவித்து, எனக்குத் தொலைபேசி எடுக்கும் உத்தியோகம் கொடுத்தார். கூடவே ஒரு வேலை. குசினிச் சுவரில், அடுப்புக்கு எதிரே, பெரிய நாட்காட்டி தொங்கும். அவர் போய் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தத் தேதியில் நான் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் லயத்தின் நம்பரையும் பொடி எழுத்தில் எழுத வேண்டும். காய்ச்சலுக்குச் சிவப்பு, மூச்சுக்கு நீலம், வயிற்றுக்குப் பச்சை, காமாலைக்கு மஞ்சள். நோயும் நிறமும் பொருந்தியது காமாலையில் மட்டும்தான்.

முதல் வருடம் அது எனக்குப் பிள்ளைகள் கிறுக்கியது போலத்தான் தெரிந்தது. இரண்டாவது வருடம் பழைய நாட்காட்டியைப் பக்கத்தில் தொங்கவிட்டபோது அசந்துபோனேன். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் நீலம் வரிசை கட்டும். பிள்ளைகளுக்கு இழுப்பு, கிழவர்களுக்கு இருமல். மழை நின்று தண்ணீர் வற்றினால் பச்சையும் மஞ்சளும். மாரி மழையில் சிவப்பு, அது விட்டு இரண்டு வாரத்தில் இன்னும் சிவப்பு. பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம் எல்லா நிறமும். எல்ல என்ற சுற்றுலா ஊரின் கேஸ்ட் ஹவுஸ்களில் மட்டும் வருடம் முழுக்கப் பச்சைதான். வெள்ளைக்காரர்களின் வயிற்றுக்குப் பருவம் கிடையாது, முன்தினம் சாப்பிட்ட கொத்து ரொட்டிதான் பருவம்.

போகிற வீட்டில் அக்கா மூன்று கேள்விகள் கேட்பார். வீட்டில் வேறு யாருக்குச் சுகமில்லை? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பத்து நாளைக்கு முன்னால் என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதில். "நேத்து என்னா ஆக்குனேன்னே ஞாபகமில்ல டாக்டரம்மா" என்பார்கள். அக்கா விடமாட்டார். ஒரு வருடம் மஞ்சள் புள்ளிகள் ஒரே ஓடையைத் தொடர்ந்து கீழே இறங்கின. அக்கா, பீ.எச்.ஐ. மாத்தயா என்று எல்லாரும் கூப்பிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். உடைந்த மலக்குழி ஒன்று ஓடைக்குள் வடிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பரிசோதகர் மாதத்துக்கு ஒருமுறை எங்கள் குசினிக்கு வந்து, தேநீர் குடித்துக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போவார்.

இப்போது காப்புக்கு வருகிறேன். தோட்டத்துப் பழக்கம் தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை அந்தத் தோட்டத்து ஆட்கள் இரவில் வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

பங்குனி, சித்திரையில் எந்தத் தோட்டத்தில் திருவிழா நடந்தாலும் அந்த வாரம் நாட்காட்டியில் அந்தத் தோட்டத்துப் புள்ளிகள் திடீரென்று கூடும். கூட்டம், ஐஸ் பழம், கலர் சர்பத் என்று நான் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அக்காதான் சரியான காரணத்தைச் சொன்னார். அந்த வாரங்களில் நோய் கூடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவது குறைகிறது. போனால் வார்டில் மறித்து வைத்துக்கொள்வார்கள், இரவு வெளியே தங்க வேண்டி வரும். அதனால் மற்ற நாட்களில் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் காப்புக் காலத்தில் அக்காவை வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நாட்காட்டி நோயைக் காட்டவில்லை, கூப்பிடுவதைத்தான் காட்டுகிறது என்று அக்கா எனக்கு விளக்கினார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அரைகுறையாகப் படித்தவனுக்கு நுட்பமான ஒரு விளக்கம் கிடைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'காப்புக் காய்ச்சல்' என்று பெயரும் வைத்தேன்.

இந்த வருடம் ஸ்பிரிங்வெளி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் திருவிழா. பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பெயர் தெரிந்தால் நம் ஆட்களில் சிலர் போய் வம்பு செய்வார்கள். காப்புக் கட்டிய மறுநாள் காலையில், அந்தத் தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசனிலிருந்து செல்வராஜ் என்பவரின் மனைவி தொலைபேசியில் பேசினார். கணவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலி, டாக்டரம்மா உடனே வர முடியுமா என்று கேட்டார். அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"காப்புக் காய்ச்சல்தான்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாம கூப்பிடுறாங்க. இன்னிக்கு ஹாலிஎல பக்கம் நாலு வீடு இருக்கு. இவங்களுக்கு நாளைக்குப் போனாப் போதும்."

அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சரி என்றார். நான் சொன்னது அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

அன்று மாலை இடியோடு மழை கொட்டியது. அந்த டிவிசனுக்குப் போக ஓடையின் மேல் ஒரு பலகைப் பாலம் இருந்தது. அன்று போயிருந்தால் அக்கா அதில் நடந்து போயிருப்பார். மறுநாள் பாலம் இல்லை. மேலேயிருந்து காண் என்கிற வடிகாலும் பீலித் தண்ணீரும் சேர்ந்து வந்த சேற்றில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்காலளவு இறங்கி நடந்து போனார். குதிகாலில் செருப்புக் கடித்த புண் இருந்தது.

செல்வராஜுக்குக் கண் சிவந்திருந்தது, கெண்டைக்காலைத் தொட்டாலே துடித்தார். அக்கா வழக்கமான மூன்றாவது கேள்வியைக் கேட்டார். பத்து நாளைக்கு முன்னால், சாமி கரகத்தை அலங்கரித்துப் பாலிக்கிற ஓடைக்கரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆண்கள் எல்லாரும் ஓடையில் இறங்கிப் புல் வெட்டி, காண் வெட்டி, சேறு அள்ளியிருந்தார்கள். அதே லயத்தில் இன்னொருவருக்கும் காய்ச்சல். மறுநாள் மூன்று பேர். ஐந்தும் ஆண்கள், ஐந்தும் சேறு அள்ளியவர்கள். எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து புண் வழியாக ஏறும் எலிக்காய்ச்சல். அங்கிருந்தே அக்கா என்னை அழைத்தார்.

"தம்பி, நீ சொன்ன காப்புக் காய்ச்சல்ல பொம்பளை, புள்ள எல்லாம் இருக்கும். இதுல எல்லாம் ஆம்பளைங்க. பீ.எச்.ஐ. மாத்தயாவுக்குச் சொல்லு. மாத்திரை அனுப்பு."

குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதனால் எனக்குக் குற்றம் உறைக்கவும் இல்லை.

ஓடையில் இறங்கிய மற்ற எல்லாருக்கும் அக்கா மாத்திரை கொடுத்தார். தான் சாப்பிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஐந்து பேரை வார்டில் சேர்த்தாக வேண்டும். அவர்கள் மறுத்தார்கள். காப்பு அறுக்க இன்னும் ஏழு நாள் இருந்தது. அக்கா கோயில் கமிட்டித் தலைவரிடம் போனார். தலைவர் ஓய்வு பெற்ற கங்காணி, அறுபதைத் தாண்டியவர். அவர் பிடிவாதக்காரர் என்று நம் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் அவருடைய சொந்த மகன் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

"நான் போகச் சொன்னேன்னா, மகனுக்காகத் தலைவரு காப்ப மீறிட்டான்னு சொல்லுவாங்கம்மா" என்றாராம் அவர். "நாளைக்கு லயத்துல ஒரு புள்ள தடுக்கி விழுந்தாலும் அது என் மகன் தலையிலதான் விடியும்."

அக்கா பக்கத்தில் நின்ற கோயில் பூசாரியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். "அஞ்சு பேரு வெளிய போறாங்க. அவங்களுக்குப் பதிலா ஒரு ஆளு உள்ள இருந்தா ஆத்தா ஒத்துக்குவாளா?"

"யாரு இருக்கப்போறா?"

"நான்தான். எனக்குக் கட்டுங்க."

"டாக்டரம்மா, கட்டுனா முடியுற வரைக்கும் இங்கயேதான் இருக்கணும்."

"இருக்கேன். கோழி கெடையாதுன்னு தெரியும். மத்தபடி சாப்பாடு எப்படி?"

பூசாரி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒரு மனிதரால் மறுக்க முடியாது. அன்று பகலிலேயே சந்நிதியில் வைத்து அக்காவுக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஐந்து பேரும் தோட்டத்து லொறியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

யாரும் அக்காவைக் கட்டிவைக்கவில்லை. அவரே கேட்டுக் கட்டிக்கொண்டார். எனக்குச் செய்தி சொன்னபோது நான் கேலிதான் செய்தேன். "நீங்க கோயிலுக்கு வருசத்துக்கு ஒரு தடவதானே போவீங்க?" என்றேன். "அதான், ஒரேயடியா இருந்துட்டு வர்றேன்" என்றார்.

அடுத்த நாட்களில் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தங்கி, லயம் லயமாக ஏறி இறங்கிக் காய்ச்சல் பார்த்தார். தினமும் மாலையில் என்னை அழைத்துப் புள்ளிகள் சொல்வார். சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. காப்புக் கட்டி ஒன்பதாம் நாள் மாலையும் அழைத்தார்.

"ஒரு புள்ளி போடு தம்பி. சிவப்பு."

"எந்த லயம்?"

"கோயிலுக்குப் பக்கத்து வீடு. பொம்பளை. அம்பத்தெட்டு வயசு. நூத்தி ரெண்டு."

"அம்பத்தெட்டு வயசுல ஆத்துக்குள்ள எறங்கி என்னா செஞ்சிச்சாம் அந்தம்மா?"

அக்கா சிரித்தார். "கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நான் புள்ளி வைத்தேன். பக்கத்தில் வயதையும் எழுதினேன். அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம்தான் கேக் வெட்டினோம், மெழுகுவர்த்தி வாங்கப் போனவன் நான். அவர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தங்கியிருக்கிறார் என்பதும் தெரியும். இருந்தும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனேன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். இன்றோடு நாலாவது தடவை.

பதினோராம் நாள் காலை காப்பு அறுத்தார்கள். அழைத்துவரப் போனேன். மஞ்சள் நீராட்டின் ஆரவாரத்துக்கு நடுவில் அக்கா கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் பட்டிருக்கும் என்று நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன். எனக்கு விளக்கத்துக்கா பஞ்சம். இறங்கி வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். கார் நின்ற இடத்தில் சாவியை என்னிடம் நீட்டினார். நான் அந்தக் காரைத் தொடுவதற்கு அக்கா ஒருநாளும் விட்டதில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"வீட்டுக்கு வேணாம். பெரியாஸ்பத்திரிக்கு விடு" என்றார். "அந்த அம்பத்தெட்டு வயசு நான்தான் தம்பி."

எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. வழியில், ஏன் அன்றே சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார். இதை உறவினர்கள் நின்று படிக்க வேண்டுகிறேன்.

"நான் பாதியில வந்துட்டா, அந்த அஞ்சு பேருல ஒருத்தருக்கு ஏதாவது ஆனாக்கூட, காப்பு மீறுனதாலதான்னு சொல்லுவாங்க. அடுத்த வருசம் எவனும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான். ரெண்டு நாளு மாத்திரை தாங்கும்னு நெனச்சேன். தாங்கல."

வைத்தியராக அது பிழையான முடிவு. அக்காவே அதை ஒத்துக்கொண்டார், காரில் வைத்தே. அவர் தெய்வம் போல் ஆகிவிட்டார் என்று எழுதச் சொல்கிறார்கள். மன்னிக்கவும். ஒரு நல்ல டாக்டர் தன் உடம்பைப் பற்றித் தப்பாக மதிப்பிட்டார். அந்த மதிப்பீட்டைத் திருத்தியிருக்கக் கூடிய ஒரே ஆள் மறுமுனையில் பகிடி விட்டுக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது எல்லாம் செய்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீரகம், நாலாம் நாள் நுரையீரல். ஐந்தாம் நாள் மாலை, நான் வெளியே தண்ணீர் போத்தல் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாதி ஏதோ சொன்னார். நான் போத்தலைத் திறந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கிளாஸில் ஊற்றிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஐந்து பேரும் பிழைத்தார்கள். கடைசி ஆளாகத் தலைவரின் மகனை, அன்று காலையில்தான் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இறுதி ஊர்வலத்தன்று தலைவரும் அந்த ஐந்து பேரும் மாலையோடு வந்தார்கள். இரண்டு பேருக்கு நிற்கவே பலமில்லை. வாசல் கேட்டில் சித்தப்பா மறித்துக்கொண்டார்.

"உசிரோட இருக்கையில கட்டிப்போட்டீங்க. இப்ப என்னாத்துக்கு வந்தீங்க?"

அவர்கள் மாலையைக் கேட்டுக்குப் பக்கத்து மதிலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவைத் தடுக்கவில்லை. அவர் தான் வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்தவர், அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. எனக்கு இருந்தது வேறு. எல்லாரும் அந்த ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள்.

எட்டு நாளைக்கு முன் செல்வராஜின் மனைவி மறுபடியும் தொலைபேசியில் பேசினார். "டாக்டரம்மா வீடு, சொல்லுங்க" என்று நான் ஆரம்பித்ததும், "அவங்க வீடுதான் சேர், ஒங்ககிட்டத்தான் பேசணும்" என்றார். கணவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சிறுநீரகம் சோதிக்க வரச் சொன்ன கிளினிக்குக்குப் போக மாட்டேன் என்கிறார். ஐந்து பேர் காப்பை விட்டு வெளியே போனதற்கு ஆத்தா ஓர் உயிரை எடுத்துக்கொண்டாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் இன்னும் யாரை எடுப்பாளோ என்று பயப்படுகிறார்.

இந்தப் பேச்சு வந்துவிடக் கூடாது என்றுதானே அக்கா காய்ச்சலோடு இரண்டு நாள் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் உயிரைக் கொடுத்தும் அதுதான் வந்திருக்கிறது. அங்கே ஆத்தா எடுத்தாள் என்கிறார்கள், இங்கே அவர்கள் எடுத்தார்கள் என்கிறோம். இரண்டு பேச்சிலும் அக்கா கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை போனேன். கோயில் முன்னால் முப்பது, நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நான் மேடையில் வேடிக்கையாகப் பேசிப் பழகியவன். அன்று ஒரு வேடிக்கையும் வரவில்லை. முதல் நாள் கூப்பிட்டபோது நாளைக்குப் போதும் என்று சொன்னது நான் என்றேன். அன்று பாலம் இருந்தது என்றேன். ஒன்பதாம் நாள் அக்கா தன்னைப் பற்றியே சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் புள்ளி வைத்ததையும் சொன்னேன். ஆத்தாவுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, சேற்றுத் தண்ணீரில் இருந்த கிருமியும் நானும்தான் என்று சொல்லி முடித்தேன். செல்வராஜ் கோயில் சுவரில் சாய்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர், "அப்ப நீங்களும் எங்கள மாதிரி பழியச் சொமந்துக்கிட்டுத்தான் இருக்கீங்க சேர்" என்றார். பிறகு கேட்டார்: "எல்லாஞ் சரி. அடுத்த வருசம் காப்புக் கட்டையில, சொகமில்லாதவங்க போகலாம்னு நான் சொன்னா எவன் கேப்பான்? டாக்டரம்மாவப் பாத்தீல்லன்னு சொல்லுவானுங்க."

"நான் வந்து சொல்றேன்."

"நீங்க ஒரு நாளைக்கு வந்து சொல்லிட்டுப் போயிருவீங்க. நாங்கதானே இங்க இருக்கணும்."

"அப்ப எனக்கும் கட்டுங்க" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. "முடியுற வரைக்கும் இருக்கேன். ஆனா எனக்கு ஒரு தும்மல் வந்தாலும், எல்லாரும் பாக்க பெரியாஸ்பத்திரியில போய்ப் படுத்துருவேன். ராவுக்கு அங்கயே தங்குவேன். திரும்பி வந்து திருவிழாவும் பாப்பேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "தும்மல் வராட்டி?" என்றது.

"எனக்கு வராம இருக்காதும்மா. எங்க குடும்பத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க" என்றேன். அது உண்மை. கொசு கடித்தால் இரத்தம் சோதிக்கப் போகிறவன் நான். அக்கா ஆயுள் முழுக்கச் சிரித்த அந்தக் குணத்துக்கு முதல்முறையாக ஓர் உபயோகம் கிடைத்திருக்கிறது. தலைவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செல்வராஜ் மட்டும் சுவரைவிட்டு எழுந்து வந்து, கிளினிக் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து நானே கூட்டிக்கொண்டு போனேன். சிறுநீரகம் தேறிவருகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அக்காவின் கட்டிலைச் சுற்றி ஐந்து நாள் தூங்காமல் நின்ற வைத்தியர்களுக்கும் தாதியருக்கும். ஓடைக்கு வந்து தண்ணீரைச் சோதித்து, சுடுதண்ணீர் குடிக்கச் சொல்லி வீடு வீடாக ஏறிய பரிசோதகருக்கும். பெட்டி சுமந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தூரத்திலிருந்து பஸ் மாறி வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவைப் படிக்க வைத்த சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி போதாது. அக்காவை ஏழு நாள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, தங்கள் வீட்டுப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட அந்த டிவிசன் மக்களுக்கு நன்றி சொல்வதற்கு முன்னால், மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதை இந்த மலரில் எழுதியே கேட்கிறேன்.

அவர்களை இன்றைய சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், கேட்டில் நடந்ததை எழுதிய பக்கம் உட்பட, இந்தக் கட்டுரையைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் உட்கார்ந்து, கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். தாள்களை மடித்து என் கையில் கொடுத்தார்.

"எத்தனை பேரு வர்றாங்க?"

"ஆறு பேரு சித்தப்பா. வீட்டுக்காரங்களோட வரச் சொல்லியிருக்கேன்."

"அப்பப் பன்னெண்டு இலை" என்றார். "முன் வரிசையில போடு. நான் பரிமாறுறேன்."